கூஜாச் சத்தம்

அன்று காலை மலையடிவாரத்துக் கொல்லங்கோட்டில் திரிபுரசுந்தரியின் முன்னால் தண்ணீர் கொண்டுபோக மூன்று பாத்திரங்கள் இருந்தன. ஒன்று, காக்கிக் கம்பளித் துணி போர்த்திய பட்டாளத்துத் தண்ணீர்ப் புட்டி. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த சரக்கு. கணவன் சுந்தரராமன் கோயமுத்தூரில் ஆசையாக வாங்கி வந்தது. இன்னொன்று, சுமை தூக்க வந்த பூவாத்தாளின் சுரைக்குடுக்கை. மூன்றாவது, பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த பித்தளைக் கூஜா. மலைமேல் ஆரஞ்சுத் தோட்டத்தில் சுந்தரராமனுக்குக் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. அங்கே குடித்தனம் வைக்க அவள் முதல் தடவையாகப் போகிறாள். தோட்டத்து லாரி பழுதாகிக் கிடந்ததால் நடந்துதான் ஏற வேண்டும்.

"எந்தப் பட்டாளத்தான் வாய் வெச்சுக் குடிச்சதோ! அந்த எச்சல் போத்தலை நான் தொடமாட்டேன், கேட்டேளா" என்றாள். குடுக்கையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பூவாத்தாளே அதைப் புரிந்துகொண்டு தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சுந்தரராமன் மனைவியிடம் வாதாடி ஜெயித்ததாகச் சரித்திரம் கிடையாது. புட்டி கொல்லங்கோட்டிலேயே தங்கிவிட்டது.

கூஜாவுக்கு ஆசாரம் உண்டே தவிர வயிறு பெரிதில்லை. பாதி ஏற்றத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து புளியஞ்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சுந்தரராமன் கால் அலம்பினான், கை அலம்பினான், மந்திரம் சொல்லி இலையைச் சுற்றி ஜலம் விட்டான், சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்தான். எச்சில் போக, இலை இருந்த இடத்தை அவள் நீர் தெளித்து மெழுகினாள். கிணற்றடி பக்கத்தில் இருக்கும்போது செய்வதையெல்லாம் காட்டு நடுவிலும் பிசகாமல் செய்துவிட்டு, குடிக்கலாம் என்று கூஜாவைச் சாய்த்தால் நாலு சொட்டு விழுந்தது. பங்குனி வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இனி மேலே தண்ணீர் கிடையாது, கீழே மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை உண்டு என்றாள் பூவாத்தாள்.

"என்ற குடுக்கையில இருக்குதுங்க அம்மிணி..." என்று ஆரம்பித்தவள், திரிபுரசுந்தரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் போய் ரொப்பிண்டு வரேன்" என்று சுந்தரராமன் எழுந்தான்.

"போயிட்டு வாங்க சாமி. பங்குனில ஆனையெல்லாம் பரம்பிக்குளம் பக்கம் போயிருமுங்க. பயமில்லீங்க."

கூஜாவின் கைப்பிடி ஒரு பக்கம் ஆடிப்போயிருந்தது. ஆளை மூங்கில் மறைத்த பிறகும் டங், டங் என்று அது அடித்துக்கொள்வது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இதோ இறங்குகிறார், இதோ திரும்புகிறார் என்று அவள் அதை வைத்தே கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது கீழே மூங்கில் முறிந்தது. ஒரு கழி அல்ல, ஒரு கொத்தே மடமடவென்று. பூவாத்தாள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தைப் பார்த்துத்தான் திரிபுரசுந்தரி கீழே காது கொடுத்தாள்.

கூஜாச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஏன்னா!" என்று கத்த வாயைத் திறந்தாள். பூவாத்தாளின் கை அந்த வாயை இறுகப் பொத்தியது. புகையிலை நாற்றம், வியர்வை.

"கூப்பிடாதீங்க அம்மிணி. அவரு பதில் சொன்னா மாட்டிக்குவாருங்க."

பட்டாளத்துப் புட்டி சத்தமே போட்டிருக்காது. அதற்குத்தான் அந்தக் கம்பளித் துணி போர்த்தியிருந்தார்கள் போலும். விசுவநாதா, அவர் வரட்டும், நான் எதில் வேண்டுமானாலும் குடிக்கிறேன், எதையும் தீட்டு என்று சொல்லமாட்டேன் என்று திரிபுரசுந்தரி கெஞ்சினாள். கல்பாத்திக் கோயில் விசுவநாதருக்கு இந்தக் காடு எட்டுமா என்றும் சந்தேகமாக இருந்தது.

டங்.

திரிபுரசுந்தரி பாதி எழுந்துவிட்டாள். பூவாத்தாள் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நடக்கிற சத்தம் இல்லீங்க அது."

உண்மைதான். டங் என்று ஒரு அடி. பிறகு கரகரவென்று கல்மேல் உருளும் ஓசை. கொஞ்சம் அமைதி. மறுபடி ஒரு அடி, பலமாக. கூஜா யாருடைய கையிலும் இல்லை. எதுவோ அதைக் காலால் புரட்டிப் பார்க்கிறது. அப்படியானால் அதைப் பிடித்திருந்த கை எங்கே? யோசிக்கப் பயந்து கண்களை மூடிக்கொண்டாள்.

பக்கவாட்டில் சருகு நொறுங்கியது. சுந்தரராமன் நாலு காலில் தவழ்ந்து வந்தான். வேட்டி கிழிந்து தொங்கியது. முழங்கையெல்லாம் ரத்தக் கீறல். பூவாத்தாள் குடுக்கையை நீட்டினாள். அவன் அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்து உறிஞ்சினான். பிறகு அதை மனைவியிடம் கொடுத்தான். அவளும் துடைக்காமல் வாய் வைத்தாள். அழுகையும் தண்ணீரும் சேர்ந்து புரையேறப் பார்த்தது. இருமாமல் விழுங்கினாள்.

கீழே கூஜா இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அது உருளும்வரை நல்லது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

சத்தம் நின்றது.

பூவாத்தாளின் கையைத் திரிபுரசுந்தரி விரல்கள் வலிக்கப் பற்றிக்கொண்டாள். காற்றே இல்லை. சரிவில் ஒரு மூங்கில் நுனி அசைந்து நின்றது. பிறகு அதற்கு மேலே, இந்தப் பக்கமாக, இன்னொன்று.