பிணத்தைத் தாண்டிப் போகும் வசனம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன் நான். முதலில் சொல்லும் விலையை நாங்களே நம்புவதில்லை. முதல் வரியும் அப்படித்தான்:

மழை கொட்டிய அந்த மாலையில், ஒரு தாயின் கண்ணீர்

வேண்டாம். மழையே பெய்யவில்லை. வேறு எடுத்து விரிக்கிறேன்.

2

அக்கா படங்களில் அம்மாக்களுக்குக் குரல் கொடுப்பவள். திரையில் யாரோ வாயசைப்பார். மைக் முன்னால் நின்று விம்முவது அக்கா. மகள் காதலிக்கும் படம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். (இப்போது குறைந்துவிட்டது. புதுப்பட அம்மாக்கள் மகளின் காதலனுக்கு டீ போட்டுக் கொடுக்கிறார்கள். டீ ஆற்ற எதற்குக் குரல்?)

அன்று அவள் மகள் தட்டைத் தள்ளிவைத்துச் சொன்னாள்: "அம்மா, நானும் அவரும் வெள்ளிக்கிழமை பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிறோம். நீ வரணும்."

அக்கா பார்த்த மாப்பிள்ளை அல்ல, மகளே பார்த்துக்கொண்டவர். அக்கா வாயைத் திறந்தாள். தொழில் பழக்கம் முந்திக்கொண்டது. மூச்சு, விம்மல், இடைவெளி எல்லாம் கச்சிதம்:

"என் பொணத்தைத் தாண்டிப் போ!"

மகள் அசையவில்லை. "நல்லா இருந்துச்சும்மா. இப்ப உன் சொந்த வசனத்தைச் சொல்லு."

அக்காவிடம் சொந்தச் சரக்கு இல்லை. கடையே காலி. மகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"என்னை ஏன்டி இழுக்கற? சாட்சிக் கையெழுத்து போட வர்றேன், போதாதா?"

"துரோகி," என்றாள் அக்கா. (இது சொந்த வசனம்.)

3

அக்காவை வில்லியாக்கலாமா? மனசு வரவில்லை. பழைய படத்து அம்மா பிடிவாதத்திலேயே சாவாள். புதுப்படத்து அம்மா ஒரே பாட்டில் மாறிவிடுவாள். இவள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"என்னை அழ மட்டும் விடாதடா. அழுதழுது தொண்டை போச்சு."

"அப்ப வர்றியா?"

"எங்கிட்ட ஏன் கேக்கற? நீதானே எழுதற?"

4

முடிவு அ: அக்கா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்கிறாள். கைதட்டல்.

முடிவு ஆ: அக்கா வரவேயில்லை. அவளுக்காகப் போட்ட நாற்காலி (கை கூசுகிறது. விட்டுவிட்டேன்.)

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அக்கா என் காரில் வந்தாள். பதிவு அலுவலக வாசலில் இறங்க மாட்டேன் என்றாள். மாடியில் நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, "ஒரு நிமிஷம் மாமா," என்று மகள் கீழே ஓடினாள். பதிவாளர் கொட்டாவி விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. அக்காவின் வாய் அசைந்தது. சின்ன வசனம்தான், மூன்று நான்கு சொல் இருக்கும். மகளின் முதுகுதான் தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஊரில் உள்ள அம்மாக்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவளுக்கு இப்போது ஒரு குரல் வேண்டும். நீங்கள் பார்க்காத படமா? வாயசைவு தயார். கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.