சாயாத புகை

“அண்ணே, ஒங்க பொஸ்தகத்துல ரெண்டு கட்டு வேணும்” என்று தங்கை அழகம்மாள் வந்து நின்றபோது, ஆத்மநாதன் மழைமானிக்குள் விழுந்திருந்த வேப்பஞ்சருகை எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி முடியப்போகிறது. நாற்பத்தொரு நாளாக அவர் நோட்டில் பூஜ்யத்தைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை.

“எதுக்கும்மா?”

“கொடும்பாவி வயித்துல திணிக்க. மாட்டுக்கே வைக்கோல் இல்லாதப்ப பொம்மைக்கு எங்கிட்டுப் போறது?”

மழை வேண்டி ஊர்கூடி இழுத்து, ஒப்பாரி வைத்து, கண்மாய்க்குள் எரிக்கும் அந்தப் பொம்மையைத்தான் அவர் புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்கக் கேலி செய்திருந்தது. சென்னை வானிலை ஆபீசில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், பாமரரும் தெரிந்துகொள்ளட்டும் என்று அச்சடித்தது. பொன்னமராவதிச் சந்தையில் ஒருவரும் சீண்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று சிரித்தார்கள். எழுத்தறியாத அழகம்மாளுக்கு அதில் ஒரே ஒரு வரி தெரியும், அவரே சொல்லிக்கொடுத்தது. புகை மேற்கே சாய்ந்தால் கடல்காற்று எழுந்துவிட்டது, மழை தூரமில்லை.

“நீயுமா இதை நம்புற?”

“நம்பாம என்ன செய்ய? வெள்ளிக்கெழமைக்குள்ள பேயலைன்னா கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போறதுன்னு அவுக பேரு குடுத்துட்டு வந்துட்டாக. ஒங்க பொஸ்தகம் மழை எப்புடி வருதுன்னு சொல்லுது. வரவழைக்கலையேண்ணே.”

மச்சினன் சோற்றில் குடும்பத்தோடு உட்கார அவள் புருஷன் சோலையப்பனுக்கு மனம் ஒப்பாது. ஆத்மநாதன் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பிறகு காற்றழுத்தம் காட்டும் பாரமானியைப் பார்த்தார். காலையில் பார்த்ததுதான், அசையவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தும் இன்னொரு முறை விரலால் தட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் கொடும்பாவியை இழுத்துப் போனார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து அழுதார்கள். “போறேனே, பொறந்த மண்ண விட்டுப் போறேனே” என்று எல்லோருக்கும் மேலாகக் கேட்டது அழகம்மாள் குரல். பொம்மைக்குத்தான் அழுகிறாள் என்று ஊர் நினைத்தது. கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா?

வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் தீ வைத்தார்கள். காகிதம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. அழகம்மாள் தலை குனிந்தபடியே அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பொகை மேக்கே சாயுதாண்ணே?”

அவர் அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் வானத்தைப் பற்றி அவர் ஒரு பொய் சொன்னதில்லை.

“சாயுதும்மா.”

அழகம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டை கட்ட வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் போன பின்னும் புகை நட்டுவைத்த கம்புபோல நேராக நின்றது.