தடை வந்த மூன்றாம் நாள்

மின்சிகரெட்டுக்கு அரசு தடை போட்ட மூன்றாம் நாள், இர்பித் நகரக் கடைத்தெருவில் ஹைதமின் கடைக்கு அதிகாரி நவ்வாஃப் வந்தார். இருந்த சரக்கையெல்லாம் வாசலில் கொட்டச் சொன்னார்.

"வண்டியில ஏத்திட்டுப் போயிடுங்க ஐயா," என்றான் ஹைதம்.

"எதுக்கு? உனக்குக் கால் இல்லையா? மிதிடா."

தெருவே வேடிக்கை பார்க்க, ஹைதம் ஒவ்வொன்றாக மிதித்து நொறுக்கினான். கூட்டத்தில் டாக்சி ஓட்டும் கிழவர் அபூ ஸுஹைப் நின்றிருந்தார். முப்பது வருடம் சிகரெட் பிடித்து, நுரையீரலில் பாதியை ஆபரேஷனில் பறிகொடுத்தவர். ஹைதமிடம் வாங்கிய மின்சிகரெட்டின் தயவில்தான் இரண்டு வருடமாக அந்தப் பக்கம் போகாமல் இருந்தார். இப்போதும் அது அவர் வாயில் இருந்தது.

நவ்வாஃப் அதைப் பிடுங்கிக் குவியலில் எறிந்தார்.

"ஐயா, அது இல்லேன்னா மறுபடி சிகரெட்டுக்குப் போயிடுவேன்," என்று கெஞ்சினார் கிழவர்.

"தாராளமாப் போங்க ஹாஜியாரே. அதுக்கா தடை போட்டோம்?"

தன் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து, அவர் உதட்டில் செருகிப் பற்றவைத்தார் நவ்வாஃப். கூட்டம் சிரித்தது. அபூ ஸுஹைப் துப்பத்தான் பார்த்தார். அதற்குள் முதல் புகை உள்ளே இறங்கிவிட்டது. கண்ணை மூடி, கடைசிவரை இழுத்தார்.

இருமல் அடங்கியதும், "இன்னொண்ணு இருக்கா ஐயா?" என்று கையை நீட்டினார்.