சவரிராயன் வண்டி

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்றார் சவரிராயன். கடை வாசலில் நின்ற, ஆள் இழுக்கும் சவ வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். டோரதியின் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கப்பா முப்பது வருசமா கோயில் வாசப்படியை மிதிக்கலை. நான் தினம் பூசை காணுறவன். அவருக்கு எப்படி என் வண்டியை அனுப்புவேன்?"

அப்பா அற்புதசாமி அன்று விடிகாலையில் இறந்துபோயிருந்தார். மாலை ஐந்து மணிக்குக் கல்லறைக்கு வந்து செபம் சொல்லி மந்திரிப்பதாகப் பங்குச் சாமியாரே ஒப்புக்கொண்டுவிட்டார். சாமியாருக்கு இல்லாத உறுத்தல் வண்டிக்காரருக்கு. அப்பா ஏன் கோயிலுக்குப் போகவில்லை என்பது மன்னார்புரத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான மறு ஞாயிறு புதுப்பெண்டாட்டியோடு நடுவரிசையில் உட்கார்ந்தவரை, அவர் தெருக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில் போய் உட்காரச் சொல்லிக் கைத்தடியால் தட்டி எழுப்பினார்கள். எழுந்தவர் ஓரத்துக்குப் போகவில்லை. வாசலுக்குப் போனார்.

"போன மாசம் செத்த மில்லுக்காரர் எந்தப் பூசைக்கு வந்தாருங்க? குடிச்சே செத்தாரு. அவருக்கு அனுப்புனீங்களே?"

சவரிராயன் துணியை உதறினார். தூசு அவர் தோல்செருப்பில் விழுந்தது. "அவங்க நம்ம ஆளுங்கம்மா." வாய் தவறி வந்த சொல்தான். ஆனால் அதைத் திரும்ப விழுங்க அவர் முயலவில்லை. "உங்க தெருவுல எப்பவும் தோள்லதானே தூக்கிட்டுப் போவீங்க? இப்ப என்ன புதுசா?"

டோரதி அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட். தீண்டாமைச் சட்டத்தைத் திருத்தி இரண்டு வருஷந்தான் ஆகிறது. கடை வைத்திருப்பவன் சாதி பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பினால் ஜெயில் என்று எல்லா ஸ்டேஷனுக்கும் போன சுற்றறிக்கையை அடித்தவளே அவள்தான். நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "ஏம்மா, நீங்க கிறிஸ்துவங்க. உங்க மதத்துலதான் சாதியே கிடையாதே? இந்தச் சட்டம் உங்களுக்கு எப்படிச் செல்லும்?"

"எங்களுக்குச் சாதி இல்லைன்னா சவரிராயனுக்கு மட்டும் அது எப்படி சார் தெரிஞ்சுது?"

அவர் சிரிப்பு நின்றது.

"சட்டத்துல தீண்டாமைன்னுதான் போட்டிருக்கு. எந்த மதம்னு போடலை. மூணு கார்பன் வச்சு அடிச்சது நான். எழுதிக்குங்க சார். எழுதிக்கிற வரைக்கும் போக மாட்டேன்."

அவர் எழுதவில்லை. போனை எடுத்தார். "யோவ் சவரிராயன், வண்டிய அனுப்பி வையும். எனக்குத் தலைவலி குடுக்காதேயும்." போனை வைத்துவிட்டு, "போம்மா, வண்டி வந்துடும். புகாரெல்லாம் எதுக்கு?" என்றார். ஏதோ பிச்சை போட்டது போலிருந்தது அவர் கைவீச்சு. வீட்டில் பிணம் கிடக்கிறது என்ற ஒன்றுதான் அவளை அங்கிருந்து எழுப்பியது.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. இழுத்துக்கொண்டு வந்த இருவரும் தெருமுனையிலேயே அதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். கண்ணாடிகளைக் கழற்றியிருந்தார்கள். கருப்புத் திரை இல்லை. மெத்தையை உருவியிருந்த பலகைமேல் சிமெண்டுச் சாக்கு ஒன்று விரித்துக் கிடந்தது. உச்சியில் சிலுவை நின்ற இடத்தில் நான்கு ஆணித்துளைகள்.

தெரு ஆண்கள் அதை வீட்டு வாசல்வரை இழுத்து வந்தார்கள். "இந்த அசிங்கம் நமக்கு வேணாம், தோள்லயே தூக்கிடுவோம்," என்றார் சித்தப்பா தைரியராஜ். டோரதிக்கும் அதுவே சரியென்று பட்டது. வண்டியைக் குடைசாய்த்துக் கொளுத்த வேண்டும் போலிருந்தது.

காலையிலிருந்து பிணத்தருகிலேயே உட்கார்ந்திருந்த அம்மா வியாகுலம்மாள் எழுந்து வந்தாள். சாக்கை உருவிச் சாக்கடையில் எறிந்தாள். தன் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து பலகையில் விரித்தாள்.

"ஏத்துங்க."

"அண்ணி, அவன் வேணும்னே..."

"அன்னைக்கு இவரு எழுந்திருச்சு வெளிய வந்தாரு. நானும் பின்னாலயே வந்துட்டேன். எத்தனை தடவைதான் நாமளே வெளிய போறது? ஏத்துங்கங்கறேன்."

ஏற்றினார்கள். வண்டியை இழுக்கும் ஏர்க்காலை டோரதி பிடித்தாள். பொம்பளை பிடிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் தார்ரோட்டில் கரகரவென்று உருண்டன. கல்லறைக்குப் போகும் வழியில்தான் சவரிராயனின் கடை.

வண்டி வருவது தெரிந்ததும் உள்ளிருந்து யாரோ ஷட்டரை அவசரமாக இழுத்தார்கள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. டோரதி நேர் எதிரே வண்டியை நிறுத்தினாள். பின்னால் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவள் ஏர்க்காலை விடவில்லை, நகரவுமில்லை. ஷட்டருக்குக் கீழே, புழுதி படிந்த தரையில், தோல்செருப்புப் போட்ட இரண்டு கால்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.