தறியில் இருந்தார்

“பக்கவாதம் வந்து இன்னும் ஒரு மாசம் ஆகலை. அதுக்குள்ள அவரைத் தறி ஓட்ட வெச்சிருக்கீங்க. உங்களை என்னன்னு சொல்றதும்மா?”

டாக்டர் ஜீவிதா இப்படிக் கேட்டபோது, வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துக் கங்கையம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் புருஷன் ராஜவேலு உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கை, கழற்றிப் போட்ட சட்டைபோல மடியில் கிடந்தது. அந்தக் கையால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. அதன்மேல் ஈ உட்கார்ந்தால் வலது கைதான் வந்து ஓட்ட வேண்டும். அந்தக் கை தறி ஓட்டியதாம்.

டாக்டர் இதயத் துடிப்பு ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டி, ஒரு வார்த்தையின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். ‘வீவிங்’ என்று படித்தும் காட்டினார். நான்கு இடத்தில் அந்த வார்த்தை இருந்தது. நெய்துகொண்டிருந்ததால் உடம்பு ஆடி அந்த நேரங்களில் பதிவு கலைந்துவிட்டது, மற்றபடி துடிப்பு சீராகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அவர் நெய்யவே இல்லை என்று கங்கையம்மாள் சொல்லிப் பார்த்தாள். நீங்கள் எழுதிக் கொடுத்த நோட்டைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார் டாக்டர். மறுபடி மெஷின் மாட்ட வேண்டும், வரிசையில் பெயர் கொடுத்தால் இரண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் பழைய மாத்திரையே ஓடட்டும் என்றார். கதவருகே அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டான்.

இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் என்ன வரலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த டாக்டர்தான்.

ராஜவேலு ஐயம்பேட்டையில் கூலிக்குப் பட்டு நெய்கிறவன். கங்கையம்மாள் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கிளாஸ் நழுவியது, வாய் கோணிக்கொண்டது. ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜான்சன்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தான். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அந்த அடைப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. சர்க்கரை இல்லை, கழுத்துக் குழாய் சுத்தம், இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் அதுவும் சுத்தம். ஆனால் இ.சி.ஜி. என்பது பத்து வினாடிக் கதை என்று டாக்டர் விளக்கினார். சிலருக்கு இதயத்தின் மேல் அறை திடீரென்று தாளம் தப்பித் துடிக்கும், பிறகு தானாகவே அடங்கிவிடும். தப்புகிற நேரத்தில் ரத்தம் அங்கே தேங்கி உறையும். உறைந்த கட்டி கிளம்பி மூளைக்குப் போகும். ராஜவேலுவுக்கு அதுதான் என்றால் இப்போது கொடுக்கிற மாத்திரை போதாது, வேறு மாத்திரை வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தது வரும். அடுத்தது இதைவிடப் பெரிதாக இருக்கும்.

அதுதான் என்று கங்கையம்மாளுக்கு அப்போதே தெரியும். கான்கிரீட் போடுகிற அன்று பதினைந்து பேர் வரிசையாக நின்று கலவை அள்ளிய பாண்டுச் சட்டியைக் கை மாற்றுவார்கள். நடுவில் ஒருத்தி இடறினால் ஒரு மூச்சு எதுவும் வராது, அப்புறம் மூன்று பாண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கையில் விழும். அவனுக்கு உடம்பு துடைத்து விடும்போது இரண்டு தடவை அவன் நெஞ்சு அப்படி அவள் உள்ளங்கையில் விழுந்திருக்கிறது. சொன்னாள். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிகிற மெஷின் இருக்கிறது, அது சொல்லட்டும் என்றார்கள்.

மெஷின் மாட்ட அமாவாசையை அவள்தான் கேட்டு வாங்கினாள். அன்றைக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் தறி ஓடாது. சத்தமில்லாமல் கிடப்பான் என்று கணக்குப் போட்டாள். நெஞ்சில் ஒட்டுகளை ஒட்டி, இடுப்பில் டப்பாவைக் கட்டிவிட்ட அருள் என்கிற டெக்னீஷியன், தாமல்காரன், அவர்கள் ஊர் ஏரி நிரம்பியதைப் பற்றி ராஜவேலுவிடம் பேசிக்கொண்டே வேலையை முடித்தான். இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் என்ன செய்கிறார் என்று நேரம் போட்டு எழுதச் சொன்னான். எட்டாவது வரைக்கும் படித்தவள் அவள். கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு மணி விடாமல் எழுதினாள்.

கட்டிலில் படுத்தே கிடக்க அவனால் முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வாதம் அடிக்காத காலும் மரத்துப் போனது. முப்பது வருடம் காலைத் தொங்கவிட்ட தறிக்குழிதான் அவனுக்கு வசதி. முதுகுக்குத் தலையணை கொடுத்து அங்கேயே உட்கார வைத்தாள். சும்மா உட்கார்ந்திருந்தான்.

டாக்டரிடமிருந்து வெளியே வந்து, சக்கர நாற்காலியை மடக்கி ஆட்டோவில் ஏற்றி, மெஷின் மாட்டிய சென்டருக்கு அவள் அவனோடு வந்து இறங்கும்போது மணி பதினொன்று. பெஞ்சு நிறைய ஆட்கள். டோக்கன் வாங்கச் சொன்ன பெண்ணை அவள் பார்க்கவே இல்லை. நாற்காலியை நேராக அருள் மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கதவைச் சாத்த விடவில்லை.

“தம்பி, வீவிங்னு எழுதுனது யாரு?”

ரிப்போர்ட் எழுதியது சென்னையில் இருக்கிற டாக்டர் என்றான். சென்னை டாக்டருக்கு யார் சொன்னது என்று கேட்டாள். அவன் ஃபைலிலிருந்து அவளுடைய நோட்டுத் தாளையே எடுத்து நீட்டினான். இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்பினது மட்டும்தான் தன் வேலை என்றான்.

“நீங்கதாம்மா எழுதியிருக்கீங்க. பாருங்க. காலை பத்து முதல் பன்னெண்டு வரை தறியில் இருந்தார்.”

அவள் கையெழுத்துதான். தன் கையாலேயே தாலியை அறுத்துக்கொண்டோமா என்று ஒரு நொடி பயந்தாள். அடுத்த நொடியில் கோபம் வந்து அதை மிதித்துக்கொண்டு மேலே ஏறியது.

“தறியில இருந்தாருன்னா குழியில காலைத் தொங்கப் போட்டுக்கினு இருந்தாரு. நெய்ஞ்சாருன்னு எழுதுனேனா?”

“தறியில இருக்காருன்னா நெய்யறாருன்னுதானேம்மா அர்த்தம். எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க.”

“உங்கப்பா தாமல் ஏரியில உக்காந்திருந்தாருன்னா மீன் புடிச்சாருன்னு எழுதுவியா நீ?”

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அருளின் முகம் சிறுத்தது. ஒரு நாளைக்கு முப்பது பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று ஏதோ சொன்னான். அவள் ராஜவேலுவின் இடது கையைத் தூக்கி அருளின் கீபோர்டின்மேல் வைத்தாள். விட்டாள். கை அதுபாட்டுக்குச் சரிந்து நாற்காலிக் கைப்பிடியில் இடித்துத் தொங்கியது.

ராஜவேலு கோணிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினான்.

“நெய்ஞ்சிருந்தா... பொடவ எங்கப்பா?”

கங்கையம்மாள் தாளில் விரலை வைத்தாள். பன்னிரண்டரைக்கு நேராக எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். அருள் படித்தான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

“அமாவாசை. அன்னிக்கு எந்தத் தறி ஓடுது இந்த ஊர்ல? இந்த வரிய ஏன் நீ டைப் அடிக்கல?”

“காக்கா விஷயம் மெடிக்கலுக்கு எதுக்குன்னு விட்டுட்டேம்மா.”

“ஒண்ணும் ஓடாது தம்பி அன்னிக்கு,” என்றார் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், அவனுக்கு உதவி செய்கிற குரலில்.

அருள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பழைய பதிவைத் திறந்தான். அசைந்தால் பதிவு எப்படி இருக்கும் என்று பார்க்க, தலை வாரிவிட்டதாக அவள் நோட்டில் எழுதியிருந்த நேரத்துக்கு முதலில் போனான். அங்கே கோடுகள் குழந்தை கிறுக்கியதுபோலக் கலைந்து கிடந்தன. பிறகு பத்து நாற்பதுக்கு வந்தான். அங்கே கிறுக்கலே இல்லை. ஒவ்வொரு கோடும் கம்பி மாதிரி துல்லியமாக நின்றது. ஆனால் ஒரு கோடு, ஒரு கோடு, பிறகு வெற்றிடம், பிறகு மூன்று கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு. கங்கையம்மாளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாண்டு வரிசையில் ஒருத்தி இடறிக்கொண்டே இருந்தாள்.

“இது அசைவு இல்லை,” என்றான் அருள். குரல் இறங்கியிருந்தது. பதினேழு நிமிடம் அப்படியே போயிற்று. சாயங்காலம் இன்னொரு இடத்தில் ஒன்பது நிமிடம்.

அவன் சென்னைக்குப் போன் போட்டான். ரிப்போர்ட் எழுதிய டாக்டர் அந்த இரண்டு இடங்களையும் திறந்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் திருத்திய ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஜீவிதா போனிலேயே பேசினார். சந்தேகமே வேண்டாம், அதுதான் என்றார். பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதிய மாத்திரையை இன்று சாயங்காலமே தொடங்கிவிட வேண்டும், ஒரு வேளைகூட விடக் கூடாது, சீட்டை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நல்லவேளை போய்க் கேட்டீர்கள் என்றும் சொன்னார்.

நல்லவேளையாம். அந்தப் பதினேழு நிமிடம் பன்னிரண்டு நாளாக இந்த டப்பாவுக்குள் கிடந்தது. பன்னிரண்டு நாளும் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் கண் பூத்துப்போனது. யாருக்கு நல்லவேளை? காலையில் மனசு நொந்து அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இது என்ன வேளை?

அருள் புதுத் தாளைக் கவரில் போட்டுக் கொடுத்தான். “அடுத்த தடவை தெளிவா எழுதுங்கம்மா,” என்றான். அவன் கெட்டவன் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சின் கோடியில் இருந்த ஒரு பெண் எழுந்து அவள் முந்தானையைத் தொட்டாள். ஓரிக்கைக்காரி, பெயர் அம்சவேணி. அவள் புருஷன் முனிசாமிக்கும் சித்திரையில் இதே மெஷின் மாட்டினார்களாம். சீராக இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் கொடுத்தார்களாம். ஆடியில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. இப்போது பேச்சு இல்லை, எழுந்திருப்பதும் இல்லை. அவனுக்கு இன்னொரு ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாள் கேட்க வந்திருக்கிறாள்.

“இத கொஞ்சம் பாரேன்மா,” என்று மஞ்சப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கங்கையம்மாளுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. ஆனால் காலையிலிருந்து சிவப்புக் கோடு போட்ட அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துப் பார்த்து அதன் முகம் மனப்பாடமாகியிருந்தது. இரண்டு மலையைத் தலைகீழாக நட்ட மாதிரி ஆரம்பிக்கும், கொக்கி போட்ட எழுத்தில் முடியும். விரலை வரிவரியாக இறக்கினாள். ஒன்று. இரண்டு. கீழே இன்னும் ஒன்று.

“மெஷின் மாட்டுன அன்னிக்கு உங்க வூட்டுக்காரரு நெய்ஞ்சாராக்கா?”

“எங்க நெய்யறது. கால்தான் வெளங்காம இருந்துச்சே. சும்மா தறியில இருந்தாரு.”

கங்கையம்மாள் ராஜவேலுவின் நாற்காலிக்குப் பிரேக் போட்டாள். அம்சவேணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். அருள் வேறு யாருக்கோ ஒட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கையைத் தட்டிவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

“இதையும் தொற.”