அல்போன்ஸ் போட்ட எட்டு

அன்று காலை ஓட்டுநர் தேர்வுத் திடலில் இருந்தவர்கள் இவர்கள்: அல்போன்ஸ், அவருடைய மருமகள் ஜாஸ்மின், பக்கத்து நிலத்துக்காரர் முனியப்பன், நாற்காலியில் அதிகாரி. சாலைக்கு அந்தப் பக்கம், குகைபோலக் கட்டிய கெபியில் மாதா. அவளைச் சேர்க்காமல் விட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

தரையில் சுண்ணாம்பால் எட்டு வரைந்திருந்தார்கள். கால் ஊன்றாமல் ஸ்கூட்டரில் அதைச் சுற்றிவர வேண்டும். அல்போன்ஸ் அதில் மூன்று முறை தோற்றிருந்தார். மொரப்பூர்ப் பக்கத்தில் எதிலும் தோற்றுப் பழகாத குடும்பத்துக்கு மூத்தவர் அவர். ஒவ்வொரு முறையும் காற்று, ஜல்லி, பிரேக் என்று ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டு, மறுநாள் விடியும்போதே ராகிக் களத்தில் வண்டியோடு நிற்பார். களத்தில் அவர் போடும் எட்டு கோலம் போட்டதுபோல இருக்கும். விழுந்தாலும் எழுபவர் என்று பங்குச் சாமியார் பூசைப் பிரசங்கத்திலேயே அவரைப் புகழ்ந்தார். பெயரைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது அல்போன்ஸின் கருத்து.

இந்த முறையும் தவறினால் வண்டிச் சாவி ஜாஸ்மினுக்கு என்று, ஓசூரில் வேலை பார்க்கும் மகன் அந்தோணி பிரகாஷ் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மருமகள் ஓட்ட, மாமனார் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். கோவில் வாசலில் ஊரே நிற்கும். அதைவிட நடந்தே போய்விடலாம், முழங்கால்தான் ஒத்துழைக்காது.

அதிகாரி கூப்பிடுவதற்குள் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார். முதல் திருப்பத்திலேயே வண்டி ஆடியது, கால் தரைக்கு வந்தது.

"மாமா, உங்க கை நெத்திக்குப் போவுதுங்க" என்றாள் ஜாஸ்மின். அவள் திடலுக்கு வந்தது அன்றுதான் முதல்முறை.

"என் கை எங்கயும் போவல."

"போவுதுங்க. மாதாவப் பாத்ததும் சிலுவ போடறீங்க. அதான் வண்டி ஆடுது."

முனியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அட, மூணு தடவயும் நான் கூடவே வந்து இவன் காலயே பாத்துட்டு நின்னனே!"

அல்போன்ஸ் நிமிர்ந்தார். "அப்ப, தாயப் பாத்தும் பாக்காத மாதிரி போவச் சொல்றியாம்மா? எங்க வூட்டுல அப்பிடி ஒருத்தனும் பொறக்கல."

"பஸ்ஸுல போறப்ப கோயிலப் பாத்தா நாங்களுந்தான் கன்னத்துல போட்டுக்கறோம்" என்றார் முனியப்பன். "டிரைவரு போட்டுக்கறானாய்யா?"

"முன்னாடியே போய்ப் போட்டுட்டு வந்துருங்க மாமா. எத்தன திருப்பமோ அத்தன."

இதில் குடும்ப மரியாதைக்கு இழுக்கு ஏதும் இருக்கிறதா என்று அல்போன்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். இல்லை என்று பட்டது. சாலையைக் கடந்து போய், திருப்பத்துக்கு ஒன்றாகச் சிலுவை போட்டார். அதிகாரி மறுபடி சுற்றச் சொன்னால் இருக்கட்டும் என்று மேலும் சில போட்டுக்கொண்டார்.

எட்டில் வலது கை துடிக்கத்தான் துடித்தது. முரட்டுக் காளையின் கொம்பைப் பிடித்ததுபோல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். கால் ஊன்றவில்லை.

"பாஸ்" என்றார் அதிகாரி. "பரவால்லீங்களே பெரியவரே, எப்பிடி?"

"விடாமுயற்சிங்க சார்."

ஜாஸ்மின் செருப்பில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரம் அல்போன்ஸ் புது வேட்டி கட்டி, மருமகளைப் பின்னால் உட்கார வைத்துப் பூசைக்குக் கிளம்பினார். ஊர்த் திருப்பத்திலும் ஒரு கெபி உண்டு. அங்கே அவர் முன்கூட்டி எதுவும் போட்டு வைக்கவில்லை. கை கிளம்பியது. ஸ்கூட்டர் அவசரப்படாமல் முனியப்பனின் தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.

அடி யாருக்கும் இல்லை. தக்காளிக்குத்தான். அல்போன்ஸ் எழுந்து, பாதியில் நின்ற சிலுவையை முதலில் முடித்தார். பிறகு சாவியை ஜாஸ்மினிடம் நீட்டினார்.

"இனிமே நீயே ஓட்டும்மா. எனக்குக் கை வேணும்."

அன்றுமுதல் ஞாயிறுதோறும் அவர் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, திருப்பம் வந்ததும் நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டு போகிறார்.

எட்டு போட வராமல்தான் அல்போன்ஸ் மருமகள் பின்னால் உட்கார்ந்து போகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அது பொய். லைசென்ஸ் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.