பங்குனியில் வைத்த எழுத்து

இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எத்தனை பேர் என்று என்னைக் கேளுங்கள். அறுநூற்று ஐம்பது. அக்கராயனில் இது தெரிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிற எனக்கு எதற்கு இந்த விண்ணாணம்? எல்லாம் ஜனார்த்தனனால் வந்தது.

எனக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை அவர். பேசி ஒரு வருடம். இருப்பது லண்டனில், கையில் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. 2019 மார்ச் 29 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் போகிறது, அதற்கு முன் எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, முடிந்தால் மனைவிக்கு விசா இலகு, பிறகு என்ன சட்டம் வருமோ தெரியாது என்று அவர்தான் அந்தரப்பட்டார். 23ஆம் திகதி வருகிறேன், 25ஆம் திகதி பதிவுக்காரர் முன் கையெழுத்து வைப்போம், கலியாணச் சடங்கைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

"பங்குனியிலயோ?" என்று அம்மா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கலியாணத்துக்குக் கூடாத மாதத்தில ஆரும் எழுத்து வைப்பினமோ? சித்திரை பிறக்கட்டும்."

"சித்திரை பிறக்க முதல் அவங்கள் கதவைப் பூட்டிப்போடுவாங்கள் அம்மா."

மூன்று நாள் அம்மா என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்து, "சரி, வை. பழிபாவம் என்ர தலையில கிடக்கட்டும்" என்றார். அம்மா தன் வாழ்நாளில் விட்டுக்கொடுத்த முதல் விஷயம் அதுவாக இருக்கும். பதிவுக்காரருக்குச் சொல்லியாயிற்று. கிளிநொச்சியில் சேலையும் எடுத்தாயிற்று.

அன்றிலிருந்து காலையும் மாலையும் போனில் அந்தப் பாராளுமன்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதமர் கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை ஜனவரியில் தோற்கடித்தார்கள். மார்ச்சில் மறுபடியும் தோற்கடித்தார்கள். சரி, ஒப்பந்தம் இல்லாமல் போகலாமோ என்றால் அதுவும் வேண்டாமாம். ஒவ்வொரு தரமும் எழும்பி, ஆம் என்பவர்கள் ஒரு பக்கமும் இல்லை என்பவர்கள் மறு பக்கமுமாக நடக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் கையை உயர்த்தினால் தேத்தண்ணி ஆறுமுன் தலைவர் தெரிவு முடிந்துவிடும். பாராளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். தாய்க்கு விசர் பிடித்தால் பிள்ளைகள் என்ன செய்வது?

22ஆம் திகதி காலை ஜனா போன் எடுத்தார்.

"சுமி, நியூஸ் பாத்தனீரோ? விலக ஏப்ரல் பன்னிரண்டு வரைக்கும் தவணை குடுத்திட்டாங்கள். நான் டிக்கெட்டை நிப்பாட்டிப்போட்டன்."

"அப்ப திங்கக்கிழமை எழுத்து?"

"இனி அவசரமில்லைத்தானே. ஒரு முடிவு தெரிஞ்சாப்பிறகு வாறன்."

அவருடைய குரலில் நிம்மதி இருந்தது. தவணை கிடைத்தது பிரிட்டனுக்கு, மூச்சு வந்தது இவருக்கு. அம்மாவிடம் சொன்னேன். ஏசவில்லை. புதுச் சேலையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வந்தது, போனது. கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. சீனியை இரண்டு தரம் பிழையாக நிறுத்தேன். 28ஆம் திகதி காலை போனைத் திறந்தால், எம்பிமார் தாங்களே எட்டு வழி எழுதி, வாக்கெடுத்து, எட்டையும் தோற்கடித்திருக்கிறார்கள். ஒன்றுகூட வேண்டாமாம். எதுதான் வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. முதலில் சிரித்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை நாளும் நான் கோபப்பட்டது அந்த அறுநூற்று ஐம்பது பேரோடு அல்ல என்று விளங்கிவிட்டது.

மத்தியானம் நானே அழைத்தேன். அங்கே அவர் வேலைக்குப் போகும் நேரம்.

"ஒண்டு கேக்கட்டே? அவங்கள் ஒன்றியத்தை விட்டுப் போகாமலே விட்டாலும் நீங்கள் என்னைக் கட்டுவீங்களோ?"

"இதென்ன கேள்வி. முதல் அவங்கள் என்ன செய்யிறாங்கள் எண்டு பாப்பம்."

"நான் அவங்களைக் கேக்கேல்லை. உங்களைக் கேட்டனான். ஓமோ, இல்லையோ?"

"நீர் கோவத்தில இருக்கிறீர் சுமி. ஆறுதலாக் கதைப்பம்."

"கதைக்க வேண்டாம். வரவும் வேண்டாம்."

கோபத்தில்தான் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன், ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். இன்னும் எத்தனை தவணை வந்தாலும் காத்திருந்திருப்பேன். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றார். "ட்ரெயின் வருகுது. வைக்கிறன்."